தாய்வீட்டுக்குப் போகும்போது ஃபைலும் கூடப் போகட்டும்!



திருமழிசைப் பகுதியில் ஒரு குழுவின் வாராந்திரக் கூட்டம். சந்தா, சேமிப்பு எல்லாம் எழுதி முடித்து, கடன் கேட்டவர்கள் பெயரைப் பேசிக் கொண்டிருந்தோம். பட்டியலில் பெயர் இல்லாத ஒரு அக்கா எழுந்து, "மேடம், எனக்கு இன்னைக்கே அஞ்சாயிரம் வேணும். மருமகள ஊர்ல பெரிய ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. ராத்திரி பஸ்சுக்கு நான் கிளம்பணும்" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. உறுப்பினர்கள் உடனே தீர்மானம் எழுதி உள்கடன் கொடுத்து அனுப்பினார்கள்.

மருமகளுக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு, திருவண்ணாமலைப் பக்கம் உள்ள தாய்வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. அந்த ஐந்து வாரமும் அந்தப் பெண்ணுக்கு ஒரு முறைகூட பி.பி. பார்க்கவில்லை. கால் வீங்கியது. "மாசமானா நீர் கோத்துக்கறது சகஜம்தான்" என்று விட்டுவிட்டார்கள். முகமும் வீங்கியது. ஒரு நாள் விடாத தலைவலி, கண் மங்கல். அப்போதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பி.பி. எகிறியிருந்தது. அங்கிருந்து 108-ல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மாதம் நிறைவதற்கு முன்பே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்க வேண்டியதாயிற்று. குழந்தை இரண்டு கிலோகூட இல்லை. பல நாள் தனி வார்டில் வைத்திருந்தார்கள். நல்லவேளையாக தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

திரும்பி வந்த பிறகு அந்த அக்காவிடம் பேசினோம். "அங்க அவங்க அம்மா பாத்துப்பாங்கன்னு நான் இருந்துட்டேன் மேடம். அவங்க என்னடான்னா, பட்டணத்துல பெரிய டாக்டர்கிட்ட காமிச்சிருக்காங்க, எல்லாம் நல்லா இருக்குன்னுதான சொன்னாங்க, வலி வந்தா போய்க்கலாம்னு இருந்துட்டாங்களாம்" என்றார். ஃபைல் எங்கே என்று கேட்டோம். "பீரோவுலதான் இருந்துச்சு. யாரும் எடுத்துக் குடுக்கல."

அந்தப் பெண் கிளம்பியது இங்குள்ள நர்சம்மாவுக்குத் தெரியாது. அவர் வந்தது அங்குள்ள நர்சம்மாவுக்கும் தெரியாது. இரண்டு குடும்பமும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் நடுவில் ஐந்து வாரம் அந்தப் பெண் யார் கணக்கிலும் இல்லை. இந்த மாதம் நாம் பேசப் போவது இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

செக்கப் கூட வேண்டிய நேரத்தில் ஊர் மாறுகிறோம்

பொதுவாகக் கர்ப்பிணிக்கு 28 வாரம் வரை மாதம் ஒரு முறை செக்கப். அதாவது ஏழாம் மாதம் முடியும் வரை. அதற்குப் பிறகு 36 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. கடைசி மாதத்தில் வாரம் ஒரு முறை. மாதம் ஏற ஏற, செக்கப்பும் அடிக்கடி வேண்டும்.

நம் வழக்கம் என்ன? ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு போட்டு தாய்வீட்டுக்கு அனுப்புகிறோம். அதாவது செக்கப் இரட்டிப்பாக வேண்டிய அதே நேரத்தில், பார்த்துக் கொண்டிருந்த டாக்டரையும் நர்சம்மாவையும் விட்டுவிட்டுப் போகிறோம். அதுவும் தலைப்பிரசவத்துக்குத்தான் தாய்வீடு போவது அதிகம். கர்ப்ப காலத்தில் வரும் இரத்தக் கொதிப்பும் முதல் பிரசவத்தில்தான் அதிகம் வருகிறது. இது பெரும்பாலும் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு, அதிலும் கடைசி மூன்று மாதங்களில்தான் தலை காட்டும். ஆரம்பத்தில் வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. பி.பி. பார்த்து, நீரில் உப்பு இருக்கிறதா என்று பரிசோதித்தால் மட்டுமே தெரியும். 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் போனால் டாக்டர் உடனே கவனிக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரை கொண்டு போகும்.

வளைகாப்பு வேண்டாம், தாய்வீடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அம்மா கைச்சோறும் அம்மா வீட்டு ஓய்வும் கர்ப்பிணிக்குத் தேவைதான். செக்கப் மட்டும் ஒரு வாரம்கூட அறுந்து போகக் கூடாது. நாங்கள் சொல்வது அவ்வளவுதான்.

2018-20 காலத்துக்கான மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54 தாய்மார்கள் இறந்திருக்கிறார்கள். இந்திய அளவில் இது 97. நம் மாநிலத்தில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. ஆகவே பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போக வேண்டும் என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கு முந்தைய வாரங்களில்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

பக்கத்து ஏரியாவுக்குப் போனாலும் ஊர் மாறியது மாதிரிதான்

தாய்வீடு மட்டும் இல்லை. வாடகை ஏறியது, கம்பெனி மாறியது, வீட்டு ஓனர் காலி செய்யச் சொன்னார் என்று மாசமாக இருக்கும்போதே வீடு மாறுகிறவர்கள் நம் பகுதியில் நிறைய. சிட்கோ தொழிற்பேட்டையிலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனிகளிலும் வேலை செய்கிற குடும்பங்களைப் பாருங்கள், தெரியும்.

"பத்து கிலோமீட்டர்தான மேடம், அதே ஆஸ்பத்திரிக்கே போய்க்கலாம்" என்பார்கள். நிறைமாதத்தில் இரண்டு பஸ் மாறிப் போக முடியாமல், கடைசியில் எங்கும் போகாமல் இருந்துவிடுவார்கள். கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் நிர்வாகம் மாறிவிடும். திருமழிசை திருவள்ளூர் மாவட்டம். பெங்களூர் டிரங்க் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் ஸ்ரீபெரும்புதூர், அது காஞ்சிபுரம் மாவட்டம். குன்றத்தூரும் காஞ்சிபுரம் மாவட்டம்தான். அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. ஒவ்வோர் இடத்திலும் நர்சம்மா வேறு, அவர் கையில் இருக்கும் பட்டியலும் வேறு. புது இடத்து நர்சம்மாவிடம் நாம் போய்ச் சொன்னால்தான் அவர் பட்டியலில் நம் பெயர் ஏறும்.

கிளம்புவதற்கு முன் நான்கு வேலை

1. நர்சம்மாவிடம் சொல்லுங்கள். எந்த ஊருக்குப் போகிறீர்கள், என்றைக்குப் போகிறீர்கள், எந்த போன் நம்பர் என்று எழுதிக் கொடுங்கள். போகிற ஊரின் ஆரம்ப சுகாதார நிலையம் எது என்று கேட்டுக் கொள்ளுங்கள்.

2. பிக்மி எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். கர்ப்பம் பதிவு செய்தபோது கொடுத்த 12 இலக்க எண் அது. எந்த ஊர் போனாலும் அதே எண்தான். புது ஊரில் புதிதாக இன்னொரு எண் வாங்காதீர்கள். இரண்டு எண் ஆனால் கணக்கு குழம்பும், உதவித் தொகையும் இழுத்தடிக்கும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண்ணைக் கேட்பார்கள். தனியார் டாக்டரிடம் மட்டும் காட்டுகிறவர்களும் இந்த எண் வாங்கியிருக்க வேண்டும். இன்னும் வாங்கவில்லை என்றால் நர்சம்மாவிடம் கேளுங்கள், அல்லது 102-க்குப் போன் செய்யுங்கள்.

3. கிளம்புகிற வாரத்தில் ஒரு செக்கப் முடித்துவிட்டுப் போங்கள். பயணம் செய்யலாமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். இரத்தப் போக்கு, பி.பி., இரட்டைக் குழந்தை, முன்பு குறைமாதப் பிரசவம் இப்படி ஏதாவது இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். 36 வாரம் தாண்டி நீண்ட பயணம் வேண்டாம். ஒன்பதாம் மாதம்தான் வளைகாப்பு என்றால், போகப் போகிற ஊர் ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே ஒரு தடவை காட்டிவிட்டு வருவது நல்லது.

4. சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, பி.பி. மாத்திரை எதுவானாலும் ஒரு மாதத்துக்குக் குறையாமல் கையில் வாங்கிக் கொள்ளுங்கள். புது ஊரில் மாத்திரை கிடைக்கிற வரைக்கும் நிறுத்தி வைக்கக் கூடாது. நம் மாநிலத்துக் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இரத்தம் குறைவாக உள்ளவர்களுக்குப் பிரசவ நேரத்து உதிரப்போக்கைத் தாங்கும் சக்தியும் குறைவு.

மஞ்சப்பையில் என்னென்ன இருக்க வேண்டும்?

"எல்லா பேப்பரும் எதுக்கு மேடம், அங்க போய் மறுபடி டெஸ்ட் எடுத்தா போச்சு" என்று சிலர் கேட்கிறார்கள். சில டெஸ்ட்டைத் திரும்ப எடுக்கலாம். சிலவற்றுக்குக் காலம் போனால் போனதுதான். அதனால் ஒரு மஞ்சப்பையில் இவற்றைப் போட்டு, துணி மூட்டையோடு சேர்க்காமல் கையிலேயே வைத்துக் கொள்ளுங்கள்.

தாய் சேய் நல அட்டை: மாதா மாதம் எடை, பி.பி., இரத்த அளவு, டி.டி. ஊசி போட்ட தேதி எல்லாம் இதில்தான் இருக்கும். பி.பி. 130 என்று இன்றைக்கு வந்தால் அது உங்களுக்குச் சாதாரணமா, ஏறிக்கொண்டே வந்ததா என்று பழைய அளவைப் பார்த்தால்தான் புது டாக்டருக்குத் தெரியும்.

முதல் ஸ்கேன்: பிரசவ தேதியைச் சரியாகக் காட்டுவது முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன்தான். எட்டாம் மாதம் புதிதாக ஸ்கேன் எடுத்தால் தேதி இரண்டு மூன்று வாரம் முன்னே பின்னே வரலாம். தேதி தவறினால் குழந்தை வளர்ச்சி குறைவா, நாள் தள்ளிப் போயிற்றா என்ற கணக்கெல்லாம் தவறும். ஐந்தாம் மாதத்தில் குழந்தையின் உறுப்புகளைப் பார்த்த ஸ்கேனும் கூட இருக்கட்டும்.

இரத்த வகை ரிப்போர்ட்: தாய்க்கு நெகட்டிவ், கணவருக்குப் பாசிட்டிவ் என்றால் டாக்டர் 28-வது வாரத்தில் ஒரு ஊசி போடுவார். குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் மீண்டும் ஒரு ஊசி வேண்டும். அடுத்த குழந்தையைக் காப்பாற்றுவதற்கான ஊசி இது. 28-வது வாரம் என்பது வளைகாப்பு நேரம் என்பதைக் கவனியுங்கள். இந்த ஊசி போட்டாயிற்றா இல்லையா என்பது சீட்டில் எழுதியிருக்க வேண்டும்.

சர்க்கரை டெஸ்ட்: குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். முதல் செக்கப்பில் ஒன்று, 24 முதல் 28 வாரத்துக்குள் ஒன்று. அந்த இரண்டாவது டெஸ்ட்தான் ஊர் மாறும் சமயத்தில் விட்டுப் போகிறது.

முந்தைய பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு: முதல் குழந்தை சிசேரியன் என்றால் இது இல்லாமல் போகவே கூடாது.

இவற்றோடு ஆதார், பேங்க் பாஸ்புக், சாப்பிடுகிற மாத்திரைகளின் சீட்டு. எல்லாவற்றுக்கும் ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வையுங்கள். போனிலும் போட்டோ எடுத்து, கணவர் போனுக்கும் அம்மா வீட்டு போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.

தனியார் ஆஸ்பத்திரியில் ஃபைலை அவர்களே வைத்துக் கொள்கிறார்கள் என்றால் நகல் கேளுங்கள். தயங்க வேண்டாம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி சொல்கிறது. "ஊருக்குப் போறேன், ஃபைல் காப்பி வேணும்" என்று எழுதிக் கொடுத்தால் போதும். "வேற டாக்டர்கிட்ட போறேன்னு சொன்னா கோச்சுப்பாங்களோ" என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு போவது எல்லா டாக்டருக்கும் தெரிந்த விஷயம்தான்.

போய்ச் சேர்ந்த முதல் வாரம்

உறவுக்காரர்கள் பார்க்க வருவார்கள், விருந்து நடக்கும். அதற்கு நடுவில் ஒரு வாரத்துக்குள் அந்த ஊர் நர்சம்மாவைப் பார்த்து, பிக்மி எண்ணைச் சொல்லி, பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த செக்கப் தேதியை அட்டையில் எழுதி வாங்குங்கள். அங்கன்வாடியிலும் சொல்லி வையுங்கள், சத்துமாவு அங்கே வாங்கிக் கொள்ளலாம்.

பிரசவம் எங்கே என்பதையும் அந்த வாரமே டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சிக்கல் இல்லாதவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையமே போதும். பி.பி., சர்க்கரை, கடுமையான இரத்தசோகை, பழைய சிசேரியன், இரட்டைக் குழந்தை உள்ளவர்களுக்கு ஆபரேஷன் வசதியும் இரத்த வங்கியும் உள்ள இடம் வேண்டும். இப்படிப்பட்டவர்கள், தாய்வீட்டில் இருந்து அந்த மாதிரி ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கிளம்பும் முன்பே கணக்குப் போட வேண்டும். இரண்டு மணி நேரப் பயணம் என்றால், இங்கேயே இருந்து அம்மாவை இங்கே வரவழைப்பது மேல். நம் பகுதியில் இருந்து திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், 1844-ல் தொடங்கிய எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனையும், திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. அம்மா இங்கு வந்து பார்த்துக் கொண்டால் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

உதவித் தொகை விட்டுப் போகுமா?

போகாது, பதிவு ஒழுங்காக இருந்தால். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987-ல் 300 ரூபாயில் தொடங்கியது. 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-ல் 18,000 ஆனது. இந்த 18,000-ல் 14,000 ரூபாய் பணமாகவும், 4,000 ரூபாய் மதிப்புக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் வருகிறது. பணம் தவணை தவணையாகத்தான் வரும். செக்கப்பும் தடுப்பூசியும் பதிவானால்தான் அடுத்த தவணை நகரும். ஆகவே புது ஊரில் பெயர் சேர்க்காமல் இருந்தால் உடம்புக்கும் நஷ்டம், பணத்துக்கும் நஷ்டம். பேங்க் கணக்கு தாயின் பெயரில் தனியாக இருக்கட்டும்.

இன்னொரு விஷயம். குழந்தை எந்த ஊரில் பிறக்கிறதோ அந்த ஊரில்தான் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். 21 நாட்களுக்குள் பதிவாகிவிட்டதா என்று பார்த்து, சான்றிதழை வாங்கிக் கொண்டு புகுந்த வீட்டுக்குத் திரும்புங்கள்.

இவை வந்தால் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காதீர்கள்

விடாத தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், மேல் வயிற்றில் வலி, இரத்தப் போக்கு, பனிக்குடம் உடைதல், வலிப்பு, காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல். இதில் எது வந்தாலும், பெயர் சேர்த்திருந்தாலும் இல்லாவிட்டாலும், உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வண்டிக்கு 108. பதிவு இல்லை, ஃபைல் இல்லை என்று பயந்து வீட்டில் இருக்காதீர்கள். உயிருக்குப் பிறகுதான் பேப்பர். சந்தேகம் கேட்க 104-க்குப் போன் செய்யலாம்.

குழு என்ன செய்யலாம்?

மாதம் ஒரு கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஊக்குநர் இரண்டே கேள்வி கேட்டால் போதும். "யார் வீட்ல இருந்து மாசமா இருக்கறவங்க வெளியூர் போறாங்க? யார் வீட்டுக்கு வர்றாங்க?" போகிறவர்களின் மஞ்சப்பையை ஒரு உறுப்பினர் சரிபார்க்கட்டும். வருகிறவர்களை ஒரு உறுப்பினர் முதல் வாரமே நர்சம்மாவிடம் கூட்டிப் போகட்டும். நாம் மாமியாராக அனுப்பவும் செய்கிறோம், அம்மாவாக வரவேற்கவும் செய்கிறோம். இரண்டு வேலையும் நம்முடையதுதான்.

உங்கள் தெருவில் வடமாநிலத்தில் இருந்து வேலைக்கு வந்த குடும்பங்களையும் விட்டுவிடாதீர்கள். அந்தப் பெண்களிடமும் அவர்கள் ஊரில் கொடுத்த அட்டையும் 12 இலக்க எண்ணும் இருக்கலாம். பாஷை தெரியாமல் ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்காமல் இருப்பார்கள். கூடப் போய் நின்றாலே பெரிய உதவி.

அந்த அக்காவின் உள்கடன் போன மாதம் அடைந்துவிட்டது. பேரப்பிள்ளை இப்போது தவழ்கிறான். அவருடைய இரண்டாவது மகள் அம்பத்தூரில் ஐந்து மாதமாக இருக்கிறார். போன கூட்டத்தில் அக்கா எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "மேடம், பொண்ணு ஏழாம் மாசம் நம்ம வீட்டுக்கு வர்றா. நம்ம நர்சம்மாகிட்ட இப்பவே சொல்லி வச்சுட்டேன். ஃபைலுக்கு ஜெராக்ஸும் எடுத்தாச்சு" என்றார். பீரோவில் இருக்கும் ஃபைலை இன்றைக்கே எடுத்து மஞ்சப்பையில் போடுங்கள். அடுத்த கூட்டத்தில் உங்கள் குழுவிலும் அந்த இரண்டு கேள்வியைக் கேளுங்கள்.